கொடைக்கானல் பக்கம் திருப்பிய ஆன்டெனா

திருமங்கலத்துக்கு சூப்பர் ஹீரோக்கள் முதலில் காகிதத்தில் வந்தார்கள். திரையில் வந்தது பிறகுதான். 1972-ல் சிவகாசியில் அச்சான இரும்புக்கை மாயாவிக்கும், 1997-ல் தூர்தர்ஷனில் சுழன்றபடி தோன்றிய சக்திமானுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். அந்தக் கால் நூற்றாண்டில் இந்த ஊரில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் அவர்களில் இரண்டு மூன்று பேர் கூடிப் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரை எடுத்தால், பேச்சு கொஞ்ச நேரத்தில் காமிக்ஸுக்குப் போகும். அங்கிருந்து தீப்பெட்டிப் படம், பிலிம் துண்டு, டிரம்ப் கார்டு என்று இறங்கி, யார் எந்த வயதில் ராஜேஷ்குமாரைப் படித்தார், எப்போது சுஜாதாவுக்குத் தாவினார் என்பதில் வந்து நிற்கும். பார்த்தது, விளையாடியது, படித்தது ஆகிய மூன்றும் இந்தப் பேச்சில் ஒன்றாகத்தான் வருகின்றன. ஒரு கதையை எங்கிருந்தோ பெற்று, அடுத்தவருக்குச் சொல்லி, சொல்லும்போதே ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் பழக்கம் மூன்றுக்கும் அடியில் இருந்தது.

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் இருக்கிறது திருமங்கலம். கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் சாலை இங்கே பிரிகிறது. மதுரை மீனாட்சியின் கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்துகொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது ஊர் வழக்கு. ஓரமாக ஓடும் குண்டாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் கிடக்கும். தெற்கே கள்ளிக்குடிப் பக்கம் போகப்போகக் கரிசல். இந்த அமைப்பு பிள்ளைகளின் பொழுதுபோக்கையும் தீர்மானித்தது. வடக்கே பேருந்து ஏறினால் மதுரையின் சினிமாக் கொட்டகைகளும் பழைய புத்தகக் கடைகளும். தெற்கே விருதுநகரைத் தாண்டினால் காமிக்ஸும் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சாகும் சிவகாசி. இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் இரண்டு ஊரின் சரக்கும் இங்கே வந்து சேர்ந்தது.

சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் தொடங்கிய கதை அது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இரும்பால் ஆனது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கறுப்பு வெள்ளையில் வரைந்த அந்தக் கை, தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் இரண்டு தலைமுறைக் கனவுகளில் புகுந்தது. பிளக் பாயின்டைப் பார்க்கும்போதெல்லாம் மாயாவியின் நினைப்பு வந்த காலம் அது; கரண்டில் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் அதட்டுவதற்கும் மாயாவியே காரணமானான்.

முத்து காமிக்ஸ் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1984 ஜூலையில், இரண்டு இதழ்கள் ஒரே மாதத்தில் பிறந்தன. ஒன்று, சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ஆசிரியராகப் பொறுப்பேற்றுச் சிவகாசியிலிருந்து கொண்டுவந்த லயன் காமிக்ஸ். மற்றொன்று, தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். லயன் மாடஸ்டி பிளைஸியோடு தொடங்கியது. ராணி ஜேம்ஸ் பாண்டோடு தொடங்கியது. ஒன்றரை ரூபாய்க்குக் கிடைத்த ராணி காமிக்ஸ், தினத்தந்தி போகும் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. லயனைப் பிடிப்பதற்குக் கடைக்காரரின் தயவு வேண்டும். வந்த அன்றே கடைக்குப் போகாவிட்டால் தீர்ந்துபோயிருக்கும். ஒரு பிரதியை ஒருவன் வாங்கினால் அது தெரு முழுவதும் சுற்றி, அட்டை கிழிந்து, கோந்து போட்டு ஒட்டப்பட்டு, கடைசியில் முதல் பக்கம் இல்லாமல் வாங்கியவனிடம் திரும்பி வரும்.

லயனில் அதிகம் பேசப்பட்டவன் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை. கூரான காதும் கறுப்பு உடையும் வலை வீசும் துப்பாக்கியுமாக வரும் இவன், தொடக்கத்தில் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆக ஆசைப்பட்டவன். பிறகு மனம் மாறிக் குற்றவாளிகளை வேட்டையாடியவன். பிரிட்டனின் 'லயன்' இதழில் 1965-ல் பிறந்த இந்தக் கதையை அடுத்த ஆண்டிலிருந்து எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-ல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். சூப்பர்மேனைத் திரையிலோ புத்தகத்திலோ பார்க்காத திருமங்கலத்துப் பையன்களும், அவனைப் படைத்தவரின் கற்பனையைச் சிவகாசித் தமிழில் படித்திருந்தார்கள். அது அவர்களுக்கு அப்போது தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தபோது, அது ஒரு மாலை நேரம் முழுவதற்குமான பேச்சாயிற்று.

இரும்புக்கை மாயாவியும் முதல் கதையில் குற்றப் பாதையில் போனவன்தான். திருடனாகத் தொடங்கிக் காவலனாக முடியும் இந்த வார்ப்பு மதுரை வட்டாரத்துக்குப் புதிதன்று. ஊர்க்காவலைக் குலத்தொழிலாகக் கொண்ட பழைய காவல் முறையின் நினைவு இங்கே நெடுங்காலம் இருந்தது. களவும் காவலும் ஒரே கைகளில் இருந்த அந்த உலகைத்தான் சு. வெங்கடேசன் 2008-ல் வெளியான 'காவல் கோட்டம்' நாவலில் விரிவாக எழுதினார். 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. சினிமாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவி 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளியான 'மலைக்கள்ளன்', பகலில் ஒரு வேடமும் இரவில் ஒரு வேடமுமாக ஏழைகளுக்கு உதவுபவனின் கதை. முகமூடியும் இரட்டை அடையாளமும் கொண்ட நாயகனை ஊர் ஏற்கெனவே அறிந்திருந்தது. வெளிநாட்டு நாயகர்களுக்கு இங்கே அறிமுகம் தேவைப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர்க் குழப்பமும் பேச்சுக்குத் தீனி போட்டது. லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ஃபேன்டம், முத்து காமிக்ஸில் வேதாளர். ராணி காமிக்ஸில் மாயாவி. இரும்புக்கை மாயாவி வேறு, முகமூடி மாயாவி வேறு என்று தெரியாதவன் கூட்டத்தில் கேலிக்கு ஆளாவான். இருவரும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார் என்ற வழக்கு எந்தக் காலத்திலும் தீரவில்லை. திருவிழாக் கடைகளில் விற்ற மண்டையோட்டு மோதிரத்தை வாங்கி மாட்டியவர்கள் வேதாளர் கட்சி. இரும்புக் கைக்கு மோதிரம் கிடைக்காது. அந்தக் கட்சிக்காரர்கள் சிகரெட் அட்டையின் ஈயத்தாளை விரலில் சுற்றிக்கொண்டார்கள்.

தொலைக்காட்சி இந்த ஊருக்கு வந்தது ஆன்டெனா வழியாக. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டாலும் அந்த அலைவரிசை இவ்வளவு தூரம் எட்டவில்லை. தென்மாவட்டங்களில் உயரமான கம்பமும் பூஸ்டரும் வைத்தவர்கள் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தார்கள். கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்த பிறகுதான் மதுரை வட்டாரத்துக்குப் படம் தெளிவாகக் கிடைத்தது. திருமங்கலத்திலிருந்து கொடைக்கானல் வடமேற்கே. மொட்டை மாடிகளில் இருந்த அலுமினியக் குச்சிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. காற்று பலமாக அடித்தாலோ காகம் உட்கார்ந்தாலோ திசை மாறி, திரையில் புள்ளி புள்ளியாக விழும். ஒருவன் மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா?" என்று கத்துவான். "இன்னும் கொஞ்சம்... ஆங், விட்றாத, அப்படியே நில்லுடா!" என்று கீழேயிருந்து குரல் வரும். மாடியில் நின்றவனுக்கு அன்றைய காட்சி கிடையாது. அவன் இறங்கி வந்த பிறகு, என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டுத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

டயனோரா, சாலிடேர் போன்ற பெட்டிகள் தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் இருந்தன. பெட்டி உள்ள வீட்டின் வாசலில் செருப்புகள் குவியும். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்படம் ஆகியவை பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தேசிய ஒளிபரப்பின் இந்தித் தொடர்களும் ஆங்கிலத் தொடர்களும். ராமானந்த் சாகரின் 'விக்ரம் அவுர் பேத்தாள்' 1985-ல் வந்தபோது மொழி ஒரு தடையாக இல்லை. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கரின் கோடுகளில், தோளில் வேதாளத்தையும் கையில் வாளையும் ஏந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை ஊர் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்தது. திரையில் வந்தது தெரிந்த கதை. அதனால் முதல் காட்சியிலேயே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

'ஜெயன்ட் ரோபோ' அப்படி இல்லை. 1967-68-ல் ஜப்பானில் எடுக்கப்பட்ட இருபத்தாறு பகுதிகள் கொண்ட அந்தத் தொடரை தூர்தர்ஷன் எண்பதுகளில் ஒளிபரப்பியது. ஜானி சோக்கோ என்ற சிறுவன் தன் கைக்கடிகாரத்தில் பேசினால், மாடி வீட்டை விடப் பெரிய இயந்திர மனிதன் பறந்து வரும். உத்தரவு போடுபவன் பெரியவனாக இல்லாமல் தங்களைப் போல் ஒரு பையனாக இருந்தது பிள்ளைகளைப் பிடித்து இழுத்தது. பால்பாயின்ட் பேனாவால் மணிக்கட்டில் கடிகாரம் வரைந்துகொண்டு அதில் பேசுவது வகுப்பறைத் தொற்றுநோய் ஆனது. கடைசிப் பகுதியில் ரோபோ பூமியைக் காப்பாற்றத் தன்னையே அழித்துக்கொள்ளும். அன்று கரண்ட் போனதால் முடிவைப் பார்க்காதவர்களும் அதைப் பார்த்தவர்களைப் போலவே சொல்லக் கற்றிருந்தார்கள். வாளை உயர்த்தி இளவரசன் ஆடம் வலிமை பெறும் 'ஹீ-மேன்', மோட்டார் சைக்கிளில் பறக்கும் 'ஸ்ட்ரீட் ஹாக்', அறுபதுகளின் 'ஸ்பைடர்மேன்' கார்ட்டூன் என்று அடுத்தடுத்து வந்தவையும் இதே வழியில்தான் தெருவில் பரவின.

இந்த வரிசையின் உச்சம் 'சக்திமான்'. 1997 செப்டம்பர் 13, சனிக்கிழமை, தூர்தர்ஷனின் தேசிய அலைவரிசையில் முதல் பகுதி வந்தது. பிறகு ஞாயிறு நண்பகல் 12 மணி அதன் நிரந்தர நேரமாயிற்று. 2005 வரை ஓடியது. அதைத் தயாரித்து நடித்த முகேஷ் கன்னா, 1988 முதல் 1990 வரை ஒளிபரப்பான 'மகாபாரத'த்தில் பீஷ்மராக வந்தவர். ஊர்ப் பெரியவர்கள் அவரை அந்த முகத்தால்தான் அறிந்திருந்தார்கள். தாத்தாக்கள் "பீஷ்மர் வந்துட்டாரு" என்றும், பேரன்கள் "சக்திமான்" என்றும் ஒரே நடிகரைச் சொன்ன வீடுகள் உண்டு. கதையின் நாயகனுக்குக் குண்டலினி யோகத்தாலும் ஐம்பூதங்களாலும் சக்தி கிடைக்கிறது. சாதாரண நாள்களில் அவன் துருத்திய பல்லும் தடித்த கண்ணாடியும் கொண்ட பத்திரிகைப் புகைப்படக்காரன் கங்காதர். ஆபத்து என்றால் கையை உயர்த்திப் பம்பரம்போல் சுழன்று சக்திமானாவான். இருளே நிலைக்க வேண்டும் என்று முழங்கும் தம்ராஜ் கில்விஷ் அவனுடைய எதிரி. பகுதியின் முடிவில் பிள்ளைகளுக்கு ஒரு நல்லொழுக்கப் பாடம் இருக்கும்.

பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. அரசுப் பள்ளியில் படித்தவன் இந்தியைக் கேட்டது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே. அதனால் சக்திமானின் வசனங்கள் காதில் விழுந்த ஓசைகளாகவே நின்றன. கதையை உண்டாக்கியது ஞாயிறு பிற்பகல் பேச்சு. கில்விஷ் என்ன சொன்னான் என்பதற்கு ஒரே தெருவில் நான்கு விளக்கங்கள் இருக்கும். பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒருவரோ, வடக்கே முறுக்கு வியாபாரத்துக்குப் போய் வந்த குடும்பத்துப் பையனோ பக்கத்தில் இருந்தால் அவர் சொல்வதே தீர்ப்பு. அப்படி யாரும் இல்லாதபோது, நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவனின் விளக்கம் ஜெயித்தது. அவன் வாயாலேயே பின்னணி இசை போடுவான். சண்டைக்குச் சத்தம் கொடுப்பான். இல்லாத காட்சியையும் இரண்டு சேர்ப்பான். மதுரைப் பக்கம் இதற்கு 'அளக்கிறது' என்று பெயர். "அளக்காதடா மாப்ள" என்று குறுக்கே ஒரு குரல் வந்தாலும், கேட்பதை யாரும் நிறுத்துவதில்லை.

அளப்புக்கு இடம் கொடுத்தது ஒளிபரப்பின் தன்மை. ஒருமுறை போனது போனதுதான். வீடியோ கேசட்டில் பதிவுசெய்து வைக்கும் வசதி இங்கே மிகச் சிலருக்கே இருந்தது. ஆகவே பார்த்த பகுதியைச் சேமித்து வைக்கும் ஒரே பெட்டி, பார்த்தவனின் நினைவு. கல்யாண வீட்டுக்குப் போனவன், டியூஷனில் மாட்டியவன், வீட்டில் பெட்டி இல்லாதவன் எல்லாருக்கும் திங்கட்கிழமைப் பள்ளி இடைவேளையில் மறு ஒளிபரப்பு நடந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவர்களுக்குச் சக்திமானின் உடை என்ன நிறம் என்பதே தெரியாது. நோட்டுப் புத்தகத்து லேபிளும் பெட்டிக்கடை ஸ்டிக்கரும் வந்த பிறகுதான், செம்பழுப்புத் துணியும் நெஞ்சில் பொன்னிறச் சக்கரமும் என்று தெரிந்தது.

தொடரின் புகழோடு அச்சமும் சேர்ந்து வந்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்கியதாக நாட்டின் பல பகுதிகளிலிருந்து தொண்ணூறுகளின் இறுதியில் செய்திகள் வந்தன. அப்படிச் செய்யக் கூடாது என்று முகேஷ் கன்னாவே திரையில் தோன்றிக் கேட்டுக்கொண்டார். திருமங்கலத்து வீடுகளிலும் மாடிக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. தெருவில் கைதூக்கிச் சுழன்று தலைசுற்றி விழுவதோடு பெரும்பாலான பிள்ளைகளின் சக்திமான் விளையாட்டு முடிந்துபோனது.

அதே 1997-ல் சன் தொலைக்காட்சியில் இன்னொரு காவலன் வந்தான். மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' அது. தப்பு செய்தவர்களைக் கருப்புசாமி தண்டிக்கிறார் என்று நம்பும் ஒரு கிராமம். இரவில் கேட்கும் குதிரைக் குளம்போசை. உண்மையில் தண்டிப்பது தெய்வமா மனிதனா என்ற கேள்வி. சேத்தனும் தேவதர்ஷினியும் இந்தத் தொடரால் பரவலாக அறியப்பட்டார்கள். திருமங்கலத்தில் இது கதையாக மட்டும் பார்க்கப்படவில்லை. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு, மதுரை மேலமடையில் பாண்டி முனி, திருமங்கலம் அருகே வடக்கம்பட்டியில் முனியாண்டி என்று சுற்றிலும் காவல் தெய்வங்கள். வடக்கம்பட்டி முனியாண்டியின் பெயரைத்தான் முனியாண்டி விலாஸ் ஓட்டல்கள் தாங்கியிருக்கின்றன. ஆண்டுதோறும் தை மாதத் திருவிழாவில் அங்கே பிரியாணியே பிரசாதம்.

எல்லையில் குதிரை மேல் அமர்ந்து, அரிவாள் ஏந்தி, இரவில் ஊரைச் சுற்றி வந்து காப்பவர் என்ற உருவம் பிள்ளைகளுக்கு அப்பத்தா சொன்ன கதைகளிலேயே கிடைத்திருந்தது. சக்திமானைப் பற்றிய பேச்சில் கருப்பு தானாக வந்து கலந்தார். சக்திமான் பகல் பன்னிரண்டுக்கு வருவார், கருப்பு ராத்திரி பன்னிரண்டுக்கு வருவார் என்று ஒப்பிடுவது சாதாரணம். இரண்டில் எதை நம்புவது என்பதிலும் தெளிவு இருந்தது. சக்திமான் கதை என்று தெரிந்தே சுழன்றார்கள். கருப்பு கோவில் முன்னால் ராத்திரியில் நடக்கும்போது அந்த விளையாட்டு கிடையாது. விளையாட்டுக்கும் பயபக்திக்கும் நடுவில் இருந்த இந்தக் கோட்டைப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தார்கள்.

பொழுதுபோக்குகள் இந்தக் கதைகளைக் கையால் தொட்டுப் பார்க்கும் முயற்சிகள். அவற்றில் முதன்மையானது பிலிம் காட்டுவது. கொட்டகை ஆபரேட்டர் அறையில் அறுந்து விழுந்த பிலிம் துண்டுகள் பெட்டிக்கடையில் விலைக்கு வரும். ஃபியூஸ் போன குண்டு பல்பின் பித்தளை மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதை உடைத்தெடுத்து, தண்ணீர் நிரப்பினால் அது குவிவில்லை ஆகிவிடும். வெயிலில் ஒருவன் கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சாவித் துவாரத்தின் வழியே இருட்டறைக்குள் அனுப்புவான். அட்டையில் ஓட்டை போட்டுச் செருகிய பிலிமைத் தாண்டி, பல்பின் வழியாகச் சுவரில் கட்டிய வேட்டியில் படம் விழும். தலைகீழாக விழுவதால் பிலிமைத் தலைகீழாகச் செருக வேண்டும். குவிவில்லையின் தலைகீழ்ப் பிம்பம் இயற்பியல் பாடமாகப் பத்தாம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே இந்த அறிவு கையில் இருந்தது. மேகம் மறைத்தால் காட்சி ரத்து. அசையாத அந்தப் படங்களுக்கு வசனம் பேசுவதும் கதை சொல்லத் தெரிந்தவனின் வேலைதான்.

தீப்பெட்டிப் படம் சேர்ப்பது இரண்டாவது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்து ஆலைகள் நூற்றுக்கணக்கான பெயர்களில் தீப்பெட்டி தயாரித்ததால் லேபிள்களுக்குக் குறைவில்லை. அரிதான படத்துக்கு மதிப்பு அதிகம். வட்டத்துக்குள் அடுக்கி, கல்லால் அடித்து வெளியே தள்ளியவனுக்கு அது சொந்தம். பிறகு டிரம்ப் கார்டுகள் வந்தன. மல்யுத்த வீரர்களின் உயரம், எடை, தரவரிசை எண்களை ஒப்பிட்டு விளையாடும் சீட்டுகள் அவை. உயரம் எத்தனை அடி, எடை எத்தனை பவுண்டு என்று மனப்பாடமாகச் சொன்ன பையன்கள் வாய்பாட்டில் தடுமாறியதைப் பள்ளிகள் கண்டன. அஞ்சல்தலை சேர்ப்பது, வார இதழ்களின் பேனா நண்பர் பகுதி பார்த்துக் கடிதம் எழுதுவது போன்றவை கொஞ்சம் பெரிய பிள்ளைகளின் வழக்கம்.

காமிக்ஸ் சேர்ப்பது பொழுதுபோக்குக்கும் வாசிப்புக்கும் நடுவே நின்றது. புது இதழை வாங்க முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, வாடகை நூலகம். சில்லறைக் காசுக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடை. அங்கே தராசுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துத் தேடினால், முன்னும் பின்னும் இல்லாத கதைகள் கிடைக்கும். முடிவுப் பக்கம் இல்லாத இதழுக்கு முடிவைத் தானே சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கழித்து அசல் முடிவைப் படித்தவர்கள், தங்கள் முடிவே பரவாயில்லை என்று சொல்வதும் உண்டு. மளிகைக் கடைப் பொட்டலத்துத் தாளையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவார்கள்.

வாசிப்புக்கு ஒரு படிவரிசை இருந்தது. தினத்தந்தியில் 1960 முதல் வரும் 'கன்னித்தீவு' முதல் படி; எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே நாளுக்கு மூன்று நான்கு கட்டங்கள். அடுத்து 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா, வாண்டுமாமாவின் 'பூந்தளிர்', தினமலரின் 'சிறுவர் மலர்'. சிறுவர் மலரில் தொடராக வந்த 'உயிரைத் தேடி', மனிதர்கள் அழிந்துபோன உலகில் அலையும் ஒரு சிறுவனின் கதை. அடுத்த வாரம் வரும்வரை அதைப் பற்றியே பேசினார்கள். பன்னிரண்டு வயதுக்குள் முத்து, லயன், ராணி. மீசை அரும்பும்போது பாக்கெட் நாவல்கள்: ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி. பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் அந்த நாவல்கள், மதுரையில் ஏறினால் விருதுநகருக்குள் முடிந்துவிடும் அளவில் இருந்தன. அதற்கு அடுத்த படி சுஜாதாவின் கணேஷ் வசந்த். இன்னொரு கிளை கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் போனது.

இந்தப் படிகளில் ஏறியவர்கள் முந்தைய படியைக் கேலி செய்வது வழக்கம். சுஜாதாவுக்கு வந்தவன் ராஜேஷ்குமாரை இறக்கிப் பேசுவான். இலக்கியச் சிற்றிதழ் படித்தவன் சுஜாதாவையே இறக்குவான். காமிக்ஸை விட்டுக்கொடுத்தவர்கள் மட்டும் குறைவு. கிளை நூலகத்தில் காமிக்ஸ் கிடைப்பதில்லை. ஆனால் நாவல்கள் உண்டு. மதுரைக்குப் போனால் ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் ஒரே கட்டடத்தில் நூலகமும், ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன ரீகல் கொட்டகையும் இருந்தன. படிப்பவரும் பார்ப்பவரும் ஒரே வாசலில் நின்ற இடம் அது. பேட்மேனையும் சூப்பர்மேனையும் திரையில் பார்ப்பதற்காகத் திருமங்கலத்துப் பையன்கள் பேருந்து ஏறியது அந்த மாதிரிக் கொட்டகைகளுக்குத்தான்.

பெண் பிள்ளைகளின் நினைவு கொஞ்சம் வேறுபடும். கல்லும் மணலுமான விளையாட்டுக்கு வெளியே விடாத வீடுகளில் வாசிப்பே பெரிய பொழுதுபோக்கு. அண்ணன் வாங்கிவந்த காமிக்ஸை அவன் வருவதற்குள் படித்து முடித்துவிடுவது, அம்மா மறைத்து வைத்த ராணிமுத்துவையும் மாலைமதியையும் எடுத்துப் படிப்பது என்று அவர்கள் படி தாண்டிப் போனார்கள். துப்பாக்கியும் மதியூகமுமாக வரும் மாடஸ்டி பிளைஸி, வெளிநாட்டு நாயகர்களுக்கு நடுவே அவர்களுக்குக் கிடைத்த அரிய நாயகி. சக்திமானில் பத்திரிகையாளராக வரும் கீதாவை, காப்பாற்றப்படுவதற்காகவே ஆபத்தில் மாட்டுகிறாள் என்று விமர்சித்ததும் அவர்கள்தான்.

2005 இந்த வாழ்க்கை முறைக்கு ஓர் எல்லைக்கல். அந்த ஆண்டு 'சக்திமான்' முடிந்தது. ராணி காமிக்ஸும் நின்றது. அடுத்த ஆண்டு தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. தெருவுக்கு ஒரு பெட்டி என்ற நிலை மாறி வீட்டுக்கு ஒன்றானது. 2007-ல் பிள்ளைகளுக்கென்றே 'சுட்டி டிவி' வந்து, நாள் முழுவதும் தமிழில் கார்ட்டூன் ஓடியது. மாடியில் கம்பம் பிடிக்க ஆள் தேவையில்லை. மொழி புரியாமல் கதை கட்ட வேண்டியதும் இல்லை. தவறவிட்ட பகுதி மறுநாள் மறுபடி வரும்.

பழைய நாயகர்கள் மறைந்துவிடவில்லை. லயன் - முத்து காமிக்ஸ் 2012-ல் 'கம்பேக் ஸ்பெஷல்' இதழோடு புது வேகம் பெற்று, முழு வண்ணத்திலும் கெட்டி அட்டையிலும் வரத் தொடங்கியது. முன்பு ரூபாய்க் கணக்கில் வாங்க முடியாதவர்கள் இப்போது நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் அரங்கில் நிற்பவர்களில் நரைத்த தலைகள் மிகுதி. 2022-ல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயது நிறைந்தது. சினிமாவும் அந்த நினைவைத் தொட்டது. 2019-ல் வந்த 'ஹீரோ', சக்திமான் ஆக ஆசைப்படும் ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. 2023-ன் 'மாவீரன்' நாளிதழில் படக்கதை வரையும் ஒருவனின் கதை. அதே ஆண்டு ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து விடுமுறை நாளில் பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறவர்கள் உண்டு.

சக்திமானின் பழைய பகுதிகள் இப்போது கைப்பேசியில் எந்த நேரமும் கிடைக்கின்றன. தேடிப் பார்த்தவர்கள் பலரும் சொல்வது ஒன்றே: நினைவில் இருந்த சண்டை அதில் இல்லை; கில்விஷ் பேசியதாக நம்பிய வசனமும் இல்லை. அவை மாடியில் கம்பம் பிடித்தவனுக்காக, கீழே இருந்தவன் அன்று சேர்த்துச் சொன்னவை.